நண்டு போல ஓடிய பிக்கப்

நான் ஒரு சந்தேகப் பிராணி. தயிர்க்காரம்மா சிரித்தால் தயிரில் தண்ணீர் என்று நினைப்பேன். சிரிக்காவிட்டால் நிச்சயம் தண்ணீர் என்று நினைப்பேன். இந்தக் குணத்தால் வாழ்க்கையில் ஒருமுறைகூட நான் ஏமாந்ததில்லை. அவமானப்பட்டதுதான் உண்டு.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கொத்தவால்சாவடிக்குக் காய்கறி ஏற்றிப்போக ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தேன். எல்லோருக்கும் முன்னால் சந்தைக்குப் போய்விட வேண்டும் என்ற வெறியில், அதில் பெரிய வண்டியின் என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டேன். நேர்ச் சாலையில் பறக்கும். வளைவு வந்தால் உடம்பை ஒரு பக்கமும் மனசை ஒரு பக்கமும் சாய்க்கும். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒருநாள் நாலு மூட்டை கத்தரிக்காய் பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் மைத்துனி வசந்திக்கு மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது.

என் மனைவி அலமேலு கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னாங்க, கத்தரிக்காய்னா போனா போவுது. சம்பந்திங்கள ஏரியில கொட்டிட்டு வந்து நிக்காதீங்க. மொதல்ல வண்டிய சரி பண்ணுங்க."

ஒரகடம் கூட்டு ரோட்டில் கோதண்டம் என்ற மெக்கானிக் பட்டறை வைத்திருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்ஜின் சிங்கம் மாதிரி கீது சார். கீழ ஸ்பிரிங் பட்டைதான் தொங்கிப்போச்சு. புதுப் பட்டை போட்டு, நாலு ஷாக்கும் மாத்திட்டா திருப்பத்துல ஆடாது."

இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாரே என்று உடனே சந்தேகம் வந்தது. புதுப் பட்டையை எனக்குக் காட்டிவிட்டு, வேறு எவன் வண்டியிலோ கழற்றியதை மாட்டிவிட்டால்? மறுநாள் அலமேலுவின் சாந்துக் குப்பியை எடுத்துப்போய், புதுப் பட்டை ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்தேன்.

கோதண்டம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் கீதே சார்?"

"சும்மா ஒரு அடையாளத்துக்கு" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. வேலையை முடித்தார். (நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.) சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "புதுப் பட்டை சார், லோடு ஏறினா கொஞ்சம் அமுந்தும். அச்சோட சேர்த்துப் புடிக்கிற யூ போல்ட்டு லூசாவும். பத்து மைலு ஓட்டிட்டு என்னாண்ட வா. திரும்ப முறுக்கித் தரேன். மறந்துடாதே."

திரும்ப வரச் சொல்கிறாரா! அப்போது புதிதாக ஒரு கோளாறு கண்டுபிடிப்பார். எனக்கா தெரியாது? போகவே இல்லை. மூன்று நாள் பூசணிக்காய் லோடு அடித்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் ரயிலிலிருந்து இறங்கினார்கள். பெண்கள் சீர்த்தட்டுகளோடு பின்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், மீசையும் உறுமலுமாக, என் பக்கத்தில்.

கொஞ்ச தூரத்திலேயே ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகிறது என்று தெரிந்தது. முதலில் ரோட்டைச் சந்தேகித்தேன். பிறகு காற்றை. பிறகு மாப்பிள்ளையின் அம்மாவை, நல்ல ஆகிருதி. "கொஞ்சம் அந்தாண்ட நகர்ந்து உக்காருங்க!" என்று கத்தினேன். நகர்ந்தார். ஒன்றும் மாறவில்லை. வண்டியின் மூக்கு வயலைப் பார்த்தது. வண்டி என்னவோ ஒரகடம் நோக்கி நண்டு மாதிரி பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது.

தாய்மாமன் என்னையே உற்றுப் பார்த்தார். "இன்னா தம்பி, காலையிலயே போட்டுக்கினியா?"

"ஐயோ, எனக்கு அந்தப் பழக்கமே கிடையாதுங்க."

"எல்லாரும் அதான் சொல்றான்."

ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த கோதண்டம் எங்களைப் பார்த்தார். கிளாஸைப் போட்டுவிட்டு, யாருடைய மோட்டார் சைக்கிளிலோ ஏறி, கையில் ஸ்பானரோடு "நில்லு! நில்லு!" என்று துரத்தினார்.

பொட்டு வைத்ததற்கு அடிக்க வருகிறார் என்று முடிவு செய்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

அடுத்த வளைவில் ஸ்டியரிங் ஒரு திசையில் திரும்ப, வண்டி இன்னொரு திசையில் போய், ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கி, வரப்பில் முட்டி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் வெற்றிலை, பாக்கு, பூ, சர்க்கரை எல்லாம் சம்பந்தியம்மாளுக்கே அபிஷேகம் ஆகியிருந்தது.

தாய்மாமன் இறங்கி என் சட்டையைப் பிடித்தார். "ஊது."

"ஐயா, சத்தியமா..."

"ஊதுடா!"

ஊதினேன். (அன்று காலை நான் சாப்பிட்டது பழைய சோறும் சின்ன வெங்காயமும். முந்தாநாள் தண்ணீர் ஊற்றிய சோறு.)

"புளிச்ச வாடை வருது! கள்ளேதான்! குடிகாரக் குடும்பத்துல பொண்ணு எடுக்கணும்னு நமக்கு இன்னா தலையெழுத்து? எல்லாரும் எறங்குங்க, ஸ்டேஷனுக்குத் திரும்பலாம்!"

வீட்டில் காத்திருக்கும் வசந்தி அழப்போவது இப்போதே என் காதில் கேட்டது. அலமேலு அழாமல் என்னைப் பார்க்கப்போவது அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அதற்குள் கோதண்டம் வந்து சேர்ந்தார். நேராக வண்டிக்கடியில் படுத்தார். பிறகு தாய்மாமனையும் குனியச் சொல்லி, யூ போல்ட்டின் நட்டை வெறும் விரலால் சுற்றிக் காட்டினார்.

"பாத்தியா பெரியவரே? போல்ட்டு லூசாகி பின்சக்கரத்து அச்சு நகர்ந்துகினு கீது. அதான் வண்டி கோணிக்கினு ஓடுது. இவரு குடிக்கல. குடிச்சிருந்தாலாவது நான் சொன்னத நம்பி அன்னிக்கே வந்திருப்பாரு. இவருக்குத்தான் யார் மேலயும் நம்பிக்கை கெடயாதே."

தாய்மாமன் நட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப அந்த வாடை?"

"பழைய சோறுங்க" என்றேன். சம்பந்தியம்மாள், தலையில் சர்க்கரையோடு, முதலில் சிரித்துவிட்டார்.

கொல்லைக்காரர்கள் வண்டியைச் சாலைக்குத் தள்ளிக் கொடுத்தார்கள். கோதண்டம் ஜாக்கி வைத்து அச்சை நேராக்கி, போல்ட்டை முறுக்கினார். நான் ஓட்டினால் ஏறமாட்டோம் என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டதால் கோதண்டமே ஓட்டினார். நான் பின்னால் பெண்களுக்கு நடுவில் வாழைப்பழச் சீப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வண்டி வளைவில் அவ்வளவு பதவிசாகத் திரும்பும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

ராகு காலத்துக்குச் சற்று முன்னால் தட்டு மாற்றினார்கள். பந்தியில் கோதண்டத்துக்குத் தாய்மாமன் பக்கத்தில் இலை. நான் சாம்பார் வாளியோடு நின்றேன்.

கல்யாணம் நடந்தது; தாய்மாமன் மட்டும் கடைசிவரை முழுதாக நம்பவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் "வாங்க" என்பதற்கு முன் "ஊதுங்க" என்பார். அவர் காலத்துக்குப் பிறகு மற்றவர்கள் அதைக் குடும்ப வழக்கமாகவே எடுத்துக்கொண்டார்கள். போன மாதம் வசந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்து வயதுப் பேத்தி வாசலில் கையை விரித்து மறித்தாள். என்னைக் குனியச் சொல்லி, மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள்:

"பாட்டி, இன்னிக்கு இட்லி வாசனைதான் வருது. உள்ள வுடலாமா?"