முதலில் ஒரு நல்லது, கடைசியில் ஒரு நல்லது

"பாத்துட்டு உண்மையைச் சொல்லுங்க மாமா" என்று மச்சினன் வெளியே கிளம்பியதுதான் தாமதம், அடுப்படியிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

"உண்மையைச் சொல்லிடாதீங்க!"

ரிஜெக்ட் சார் திருதிருவென்று விழித்தார். குழாய் கம்பெனியில் தரம் பார்ப்பது அவர் வேலை. ஒழுகுகிற குழாயை மட்டுமல்ல, ஒழுகக்கூடும் என்று தோன்றுகிற குழாயையும் ஒதுக்கிவிடுவார். கம்பெனியில் வைத்த அந்தப் பெயர் எப்படியோ வீடு வரைக்கும் வந்துவிட்டது.

மச்சினன் வெப்சைட் செய்து கொடுக்கும் தொழில் ஆரம்பித்திருந்தான். ஆபீஸ், இவர் வீட்டு முன்னறை. "கொஞ்ச நாளைக்குத்தான் மாமா" என்று ஒரு கம்ப்யூட்டரோடு வந்தான். பின்னாலேயே மேஜை வந்தது, இன்னொரு மேஜை வந்தது, ஒரு கூட்டாளியும் வந்தான். ஜன்னலோரத்தில் இருந்த சாருடைய சாய்வு நாற்காலி மொட்டை மாடிக்குப் போனது. இப்போதெல்லாம் அவர் பேப்பர் படிப்பது வாஷிங் மெஷின் பக்கத்தில். அது துணி பிழியும்போது தலைப்புச் செய்தியே ஆடும்.

நாளைக்கு மர நாற்காலி கம்பெனி முதலாளியம்மா வரப்போகிறார். மச்சினன் தன் கம்பெனிக்காகச் செய்து வைத்திருக்கும் வெப்சைட் பிடித்துப்போனால் பெரிய ஆர்டர் கிடைக்கும். "ஆர்டர் வந்தா உடனே தனி ஆபீஸ்தான் மாமா" என்று வாக்குக் கொடுத்திருந்தான். பெற்ற பிள்ளையின் பரீட்சைக்குக்கூட சார் இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

"குறை இருந்தா சொல்லித்தானே ஆகணும்?"

"சொல்லுங்க. அதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல ஒரு நல்லது, நடுவுல குறை, கடைசியில ஒரு நல்லது. நேர்ல சொன்னா அவன் முகம் வாடிடும். அந்த சைட்லயே 'உங்கள் கருத்து'ன்னு ஒரு பெட்டி இருக்கு பாருங்க, அதுல எழுதிடுங்க. தனியா இருக்கும்போது படிச்சுப்பான்."

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினார்.

'முதலில் நல்லது: சைட் திறக்கிறது. இனி குறைகள்: வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து, யார் கண்ணுக்கும் தெரியாது. கை குலுக்கும் படத்தில் இருக்கும் இரண்டு பேருமே இந்தக் கம்பெனியில் இல்லை. போன் நம்பரைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. 'நாங்கள் யார்' என்பதைத் தட்டினால் 'விரைவில்' என்று வருகிறது. தான் யாரென்று தனக்கே தெரியாதவனிடம் யார் வேலை கொடுப்பார்கள்? கடைசியாக நல்லது: மூடவும் முடிகிறது.'

அனுப்பினார். அடுத்த கணம், வெப்சைட்டின் நெற்றியில், பூ வேலைப்பாட்டுக்கு நடுவே, 'வாடிக்கையாளர்கள் எங்களைப் பற்றி' என்ற தலைப்பின் கீழ் அத்தனையும் ஓட ஆரம்பித்தது. பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் வேறு.

"ஐயையோ!" என்றாள் மனைவி. "எழுதுறதெல்லாம் நேரா முகப்புக்கே போகுதா?"

இதுவரை அந்தப் பெட்டியில் எழுதியவர் மச்சினனின் அம்மா ஒருவர்தான். அதனால் நடுவில் யாராவது படித்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மச்சினனுக்குப் போன் போட்டார்கள். அழிக்கும் வழி கூட்டாளிக்கு மட்டும்தான் தெரியுமாம், அவன் ஊருக்குப் போயிருக்கிறானாம்.

"நல்லதா ஒண்ணு எழுதுங்க, அது மேல வந்துடும்" என்றாள் மனைவி.

சார் முயன்றார். ஆனால் பொய் எழுத விரல் வரவில்லை. 'முன்பு எழுதியவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மஞ்சள் எழுத்து தெரிகிறது' என்று எழுதினார். அதுவும் ஓடியது.

"கொடுங்க இப்படி!" மனைவி கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டாள். 'கீழே இருக்கும் இரண்டையும் எழுதியது என் கணவர். அவர் அப்படித்தான். கல்யாண ஆல்பத்திலேயே குறை கண்டுபிடித்தவர். என் தம்பி தங்கமான பையன். இப்படிக்கு, அக்கா.'

அங்கே மச்சினன் நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே இரண்டு பேரும் டைப் அடிக்கும் மும்முரத்தில் இருந்ததால் அவன் போனை யாரும் எடுக்கவில்லை. பதற்றத்தில் அவனும் அதே பெட்டியில் எழுதினான்: 'மாமா, அக்கா, காலில் விழுகிறேன், இதில் எழுதாதீர்கள். நாளைக்கு அந்த முதலாளியம்மா பார்த்தால் என் பிழைப்பு போச்சு!'

ஐந்து நட்சத்திரத்தோடு அதுவும் ஓடியது.

மறுநாள் முதலாளியம்மா வந்தார். பின்னால் அவருடைய டிரைவர், மாதிரிக்கு ஒரு நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு. மச்சினன் சுவரோடு சுவராக நின்றான். எல்லாம் தன்னால் வந்த வினை என்று சார் தன்னையே நொந்துகொண்டார். முன்னறை போனால் போகட்டும், பையன் பிழைப்பில் மண் விழாமல் இருந்தால் போதும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தார்.

"யாரு இந்த மஞ்சள் எழுத்துக்காரர்?" என்றார் அந்த அம்மா.

"நான்தாங்க... மன்னிச்சிடுங்க."

"எதுக்கு மன்னிப்பு? எத்தனையோ கம்பெனி சைட் பாத்துட்டேன். எல்லாத்துலயும் ஒரே புகழ்ச்சி, ஒண்ணையும் நம்ப முடியல. உங்க சைட்ல மட்டும்தான் நிஜம் இருந்துச்சு. ராத்திரி படிச்சுப் படிச்சு வீட்டுல எல்லாரும் சிரிச்சோம். ஆர்டர் உங்களுக்குத்தான் தம்பி."

சாருக்குக் காலே தரையில் பாவவில்லை. மனசுக்குள் சாய்வு நாற்காலி மாடிப்படி இறங்கி வந்துகொண்டிருந்தது.

"உடனே தனி ஆபீஸ் பாத்துடறோம் மேடம்!" என்றான் மச்சினன்.

"தனி ஆபீஸா?" முதலாளியம்மாவின் முகம் மாறியது. "அப்புறம் சார் எப்படிப் பக்கத்துல இருந்து குறை சொல்லுவார்? ஆபீஸ் இங்கேயேதான் இருக்கணும், அது என் கண்டிஷன். ஆனா வேலை நிறைய இருக்கு, இன்னும் நாலு பேராவது வேணும். அவங்களை எங்க உக்கார வைப்பீங்க?"

நாற்காலியை இறக்கி வைக்க இடம் தேடி உள்ளே போயிருந்த டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இடத்துக்கு என்னம்மா பஞ்சம்? உள்ள ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது. ஒரே ஒரு கட்டில், அதை மாடியில போட்டுட்டா முடிஞ்சுது."