லொக் அண்ணையின் பேரன் பூட்டன்கள்

கொழும்பில் வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை சல்லடை போட்டுத் தேடினாலும், குப்பைக் கூடை எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று தெரியாத ஒரே மனிதர் எங்கள் லொக் அண்ணையாகத்தான் இருப்பார். ரோல்ஸ் சுற்றி வந்த கடதாசியைக்கூட நான்காக மடித்து மேசை லாச்சிக்குள் வைப்பார். அப்படிப்பட்டவரிடம் அழிக்கும் வேலையைக் கொடுத்தது எங்கள் நிர்வாகத்தின் தனித் திறமை.

காலி வீதியில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒஃபிஸ். யாழ்ப்பாண பஸ்களுக்கு இணையத்தில் சீட் புக் பண்ணும் தளம் ஒன்றை நடத்தினோம். சேர்வர் தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ஒரு வரி எழுதிவைக்கும். அதுதான் லொக். அது பெருக்கப் பெருக்க, பழையதைச் சுருக்கி ஓரமாக வைத்து, மிகப் பழையதை அழித்துவிட வேண்டும். அண்ணை முதல் பாதியை மட்டும் மனமாரச் செய்தார்.

"அண்ணை, போன வருசத்து லொக் என்னத்துக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆரோ ஒரு மனுசன் ஊருக்குப் போகவெண்டு வந்து சீட் தேடியிருக்கிறான், தம்பி. அதை அழிக்க நான் ஆர்?"

மனேஜர் கண்டித்த பிறகு, சுருக்குவதும் அழிப்பதும் தானாக நடக்கும்படி அமைத்தார். வினை அங்கேதான் தொடங்கியது. லொக் என்று பெயர் தொடங்கும் எல்லா ஃபைல்களையும் சுருக்கச் சொல்லி எழுதிவிட்டார். சுருக்கிய ஃபைல்களின் பெயரும் அப்படித்தானே தொடங்கும்? ஆகவே சேர்வர் சுருக்கியதையே மறுபடி மறுபடி சுருக்கி, ஒவ்வொரு முறையும் புதுப் பெயர் வைத்தது. பிள்ளை, பேரன், பூட்டன் என்று வம்சம் பெருகியது. புதுப் பெயருடன் புதிதாகப் பிறந்துகொண்டே இருந்ததால், அழிக்க வேண்டிய வயதை எதுவும் எட்டவேயில்லை.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா நெருங்கிய கிழமை, டிஸ்க் நிரம்பித் தளம் படுத்துவிட்டது. பஸ்காரர்கள் போனில் வறுத்தெடுத்தார்கள். மனேஜர் அண்ணையின் மேசைக்கு வந்து நின்றார்.

"மத்தியானத்துக்குள்ள உந்தக் குப்பையெல்லாம் போகோணும். இல்லாட்டி நீர் போகலாம்!"

எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "அண்ணை, அழியுங்கோ. வேலை போகப்போகுது" என்றேன்.

அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசியா ஒருக்காத் திறந்து பாத்திட்டு..."

"அண்ணை!"

எல்லாவற்றிலும் பெரிய ஃபைலைத் தெரிந்தெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அழித்தார். டிஸ்க்கில் ஒரு துளி இடம்கூட வரவில்லை.

மனேஜருக்கு முகம் சிவந்தது. "அழிச்சனீரோ இல்லையோ, ஐசே?"

"கடவுளாணை அழிச்சனான், சேர். புக்கிங் புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்குது. அது விட்டால்தான் இடம் வரும்." பிறகு மெல்லச் சொன்னார்: "அதுக்கும் விட மனமில்லைப் போல."

அந்தக் கோபத்திலும் மனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டதும் இடம் வந்தது. மிச்ச வம்சத்தையும் அழித்தார். தளம் எழும்பியது, வேலையும் தப்பியது. அன்று மத்தியானச் சோற்றுப் பார்சலை அண்ணை தொடவில்லை. எறியவுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இப்போது அவர் ரொறன்ரோவில், மகளோடு. இங்கே பழைய லொக்குகள் தம்பாட்டில் ஒழுங்காக அழிகின்றன. ஆனாலும் கிழமைக்கொரு வொய்ஸ் மெசேஜ் தவறாமல் வந்துவிடும். "தம்பி, டிஸ்க்கைப் பாத்தனியே?" எல்லாவற்றிலும் இதே கேள்விதான். போன கிழமை என் போன் புது மெசேஜை வாங்க இடமில்லை என்று மறுத்துவிட்டது. படங்களை அழித்தேன், பாட்டுகளை அழித்தேன், என் கலியாண வீடியோவையும் அழித்தேன். அண்ணையின் குரலில் மட்டும் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.