தண்ணீர்ச் சத்தம்

வானொலிச் செய்தி எதுவானாலும் அதில் தகவல், இரு தரப்புக் கருத்து, ஒலி ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும் என்பது தென்கடல் ஒலிபரப்புப் பயிலகத்தின் முதல் பாடம். முதல் இரண்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை. ஒலி இல்லாவிட்டால் அது செய்தியே அல்ல, வெறும் பேச்சு என்று விரிவுரையாளர் சகியாசி தீர்மானமாகச் சொல்லியிருந்தார். அவர் பிரிஸ்பேனுக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு ஃபிஜியின் தலைநகர் சுவாவுக்குத் திரும்பியவர். மீன் சந்தைச் செய்தி என்றால் செதில் சுரண்டும் சத்தம் வேண்டும். தேவாலயம் என்றால் மணி, ரக்பி என்றால் விசில். போன பருவத்தில் ஒரு மாணவன் முன்னாள் அமைச்சர் இறந்த செய்தியை ஒலியில்லாமல் கொண்டுவந்து பூஜ்யம் வாங்கினான்.

தொரிகாவுக்கு இந்தப் பாடம் மனப்பாடம். அவளுக்கு இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாணவரும் சொந்தமாக ஒரு செய்தி தயாரிக்க வேண்டும். தேறிய செய்தி பயிலகத்தின் வானொலியில் ஒலிபரப்பாகும். ரொட்டிக் கடையிலிருந்து பேருந்து வரைக்கும் ஊரில் எங்கும் அந்த வானொலிதான் ஓடும். அவள் குடியிருந்த வுனிசாலு மேட்டிலோ ஈஸ்டர் முடிந்ததிலிருந்து குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் அம்மா மெரேசேனி இடுப்பு வலியோடு தினமும் ஓடைக்கு இறங்கி, இரண்டு டப்பாத் தண்ணீரோடு மேடேறிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்கத் தொரிகாவுக்கு வயிறு எரிந்தது. ஊர் முழுக்க ஒரு தடவை கேட்டுவிட்டால் மறுநாளே தண்ணீர் வந்துவிடும் என்று அவள் மனசார நம்பினாள். படிக்கிற பிள்ளைகள் அப்படித்தான் நம்பும்.

"குழாயில தண்ணி வரலைங்கிறதுதான் சார் என் செய்தி."

"நல்லது. ஒலி எங்க?" என்றார் சகியாசி.

"தண்ணி வந்தாத்தானே சார் சத்தம் வரும்?"

"அது உன் பாடு. தண்ணியைப் பத்திச் செய்தின்னா கேக்கிறவன் தண்ணிச் சத்தத்தை எதிர்பார்ப்பான்."

குழாயைத் திறந்தால் வரும் காற்றை அவள் பதிவு செய்து வைத்திருந்தாள். அதைப் போட்டுக் காட்டினாள். சகியாசி கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"சைக்கிள் டயர்ல காத்து இறங்குற மாதிரி இருக்கு."

"காலி வாளிச் சத்தமும் இருக்கு சார்."

"காலி வாளி அபிப்பிராயம் ஆச்சேம்மா. ஒலியில அபிப்பிராயம் கலக்கக் கூடாது. அப்புறம் இன்னொன்னு, தண்ணி வரலைங்கிறது ஒரு தரப்பு. மறு தரப்பு யாரு?"

"மறு தரப்புன்னா சார்?"

"தண்ணி வருதுன்னு சொல்றவங்க."

அன்று மாலை அம்மாவிடம் சொல்லி அலுத்துக்கொண்டாள். மெரேசேனி டப்பாக்களை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"தண்ணி வருதுன்னு சொல்ற ஆளு வாரியத்தைத் தவிர வேற எங்கடி இருக்கான்? அங்கயே போய்க் கேளு. வெறுங்கையோட போயிடாத, கவா வேர் ஒரு கட்டு வாங்கிட்டுப் போ, கலக்கிக் குடிப்பாங்க. நாம மரியாதை கெட்டவங்கன்னு ஆயிடக் கூடாது."

மாவட்ட நீர்வள நல்வாழ்வு வாரியத்தின் வாசலில் ஓர் அறிவிப்பு இருந்தது. பத்திரிகை, வானொலி அன்பர்களின் கேள்விகள் எழுத்துமூலம் பெறப்பட்டு உரிய காலத்தில் உரிய அதிகாரியின் மேலான பரிசீலனைக்கு வைக்கப்படும் என்றது அது. ஆனால் காகிதத்தில் சுற்றி ரிப்பன் கட்டிய கவா வேரோடு வருகிறவளை வாசலில் நிறுத்தி வைக்க எந்த ஃபிஜிக்காரனுக்கும் மனசு வராது. ஊடகத் தொடர்பு அலுவலர் இலைசா அவளை உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்கார வைத்தார். அவள் கவா வேரை முன்னால் வைத்துச் சொல்ல வேண்டிய முறை வார்த்தைகளைச் சொன்னாள். இலைசாவும் அங்கிருந்த அலுவலர்களும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். கொண்டுவந்ததைக் கலக்கி எல்லோரும் குடிப்பதற்கு முன்னால் காரியம் பேசுவது முறையல்ல. அதனால் கணக்கு அலுவலர் வேரை இடித்துப் பொடியாக்கினார். பிறகு மரத்தொட்டியை அறை மூலைக்கு இழுத்துப்போய் அங்கிருந்த குழாயைத் திறந்தார்.

தண்ணீர் கொட்டியது. முழங்கை கனத்துக்கு, தொட்டி அதிரக் கொட்டியது. தொரிகாவின் கை தானாகவே பதிவுக் கருவியைத் தட்டிவிட்டது. பயிற்சி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

"ஐயா, உங்க குழாயில வருதே?"

"கவா கலக்கத் தண்ணி வேண்டாமா?" என்றார் இலைசா. "மாடியில தொட்டி இருக்கு. லாரி வந்து நிரப்பிட்டுப் போகும்."

"எங்க மேட்டுக்கு லாரி வரலையே."

"எப்படி வரும்? தண்ணி வரலைன்னு புகார் சொல்ல தினமும் எத்தனை பேர் இங்க வர்றாங்க தெரியுமா? ஒவ்வொருத்தரும் ஒரு கட்டு வேர். அத்தனைக்கும் கலக்கியாகணும். உள்ள தண்ணியெல்லாம் அதுக்கே போயிடுது. நீங்கள்லாம் புகாரைக் கொஞ்சம் குறைச்சா, மிச்சமாகிறதை மேட்டுக்கு அனுப்பலாம்னு நானே ஒரு குறிப்பு எழுதி மேல அனுப்பியிருக்கேன்."

சிரட்டை சுற்றி வந்தது. ஒவ்வொருவர் குடித்து முடித்ததும் மற்றவர்கள் மூன்று தடவை கைதட்டினார்கள். சிரட்டை பல சுற்று வந்தபின் எல்லோருக்கும் நாக்கு மரத்துவிட்டது. அதற்கப்புறம்தான் இலைசா பேட்டிக்கு இசைந்தார். கவாவின் புண்ணியத்தில் அவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கேட்க ரொம்பவும் பொறுப்பான குரலாக இருந்தது.

"வுனிசாலு மேட்டுக்கான நீர் விநியோகம் நிறுத்தப்படவில்லை. இரண்டு விநியோகங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி மட்டும் சற்றே நீட்டிக்கப்பட்டுள்ளது."

"இடைவெளி எப்ப முடியும்?"

"அடுத்த விநியோகம் தொடங்கியதும் முடியும்."

மறுநாள் ஊடகப் பகுப்பாய்வு வகுப்பு. செய்தியில் எதிர்மறையாக வருவதையெல்லாம் சிவப்பு வண்ணத்திலும் நேர்மறையானதைப் பச்சையிலும் குறித்து, இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது உலகம் முழுக்க இதுதான் நாகரிகம் என்று சகியாசி சொன்னார். தொரிகா வீட்டில் பதிவு செய்திருந்த மெரேசேனியின் பேச்சு முழுக்கச் சிவப்பு: குளிக்க இல்லை, துவைக்க இல்லை, மாவு பிசைய இல்லை. இலைசா பச்சை. தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டதும் வகுப்பே பச்சைப் பென்சிலைத் தேடியது.

"இந்த ஒலி பிரமாதம்மா," என்றார் சகியாசி. "இதை முதல்ல வை. கடைசியிலயும் வை."

"சார், அது வாரியத்து ஆபீஸ்ல கவாத் தொட்டியில விழுந்த தண்ணி."

"சத்தத்துல முகவரியா எழுதியிருக்கு? தண்ணிச் செய்திக்குத் தண்ணிச் சத்தம். அவ்வளவுதான். ஆமா, உங்கம்மா பேசும்போது எதுக்கு இப்படி மூச்சு வாங்குறாங்க?"

"தண்ணி தூக்கிட்டு மேடேறி வந்தாங்க சார்."

"ஒலித்தரம் போதலை. வெட்டிடு. ஒரு இடத்துல 'தண்ணி'ன்னு தெளிவா சொல்றாங்க பாரு, அதை மட்டும் வச்சுக்க."

 வெட்ட மாட்டேன் என்று தொரிகா சொல்லியிருக்கலாம். சொன்னால் பூஜ்யம், செய்தியும் வெளியே வராது. மேட்டின் பேராவது ஊர் காதில் விழட்டும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வெட்டினாள்.

செய்தி ஒலிபரப்பானது. முதலில் தண்ணீர் கொட்டியது. பிறகு தொரிகாவின் குரல் வுனிசாலு மேடு என்றது. மெரேசேனியின் குரல் "தண்ணி" என்றது. இலைசாவின் குரல் விநியோகம் நிறுத்தப்படவில்லை என்றது. மறுபடியும் தண்ணீர் நன்றாகக் கொட்டி ஓய்ந்தது.

மேட்டில் இருந்தவர்களெல்லாம் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினார்கள். மரவள்ளிக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மண்கையோடு ஓடினார்கள். வாளியை வைத்துக் குழாயைத் திறந்தார்கள். காற்று வந்தது. ஆனால் ஒருவரும் பக்கத்து வீட்டில் போய்க் கேட்கவில்லை. ஊருக்கே வந்துவிட்ட தண்ணீர் தன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்பதை யார் வாயைத் திறந்து சொல்வார்கள்? குழாய் வேலை பார்க்கும் கோவிந்த சாமிக்குத்தான் மூச்சுவிட நேரமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் குழாயை மாற்றச் சொன்னார்கள், அவரும் மாற்றினார். அவர் வீட்டுக் குழாயை அவர் ஏற்கெனவே மாற்றியிருந்தார். வாரியத்துக்குப் புகார் சொல்ல ஒருவரும் போகவில்லை.

தொரிகா வீட்டுக்கு வந்தபோது புதுப் பித்தளைக் குழாய் ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. மெரேசேனி அதன் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, தண்ணி வரலைம்மா. அது ஆபீஸ்ல கவா கலக்குன சத்தம்."

"போடி. என் காதால கேட்டேன்."

"நான்தாம்மா பதிவு பண்ணினேன்."

"நீயே சொன்னே, நானே அதுல பேசியிருக்கேன், பெரிய அதிகாரியும் பேசியிருக்காரு. மூணு பேரும் சேர்ந்தா பொய் சொல்லுவோம்? நம்ம குழாயிலதான் ஏதோ கோளாறு. நீ வெளியில போய்ச் சொல்லிக்கிட்டு இருக்காத."

அந்த வார்த்தை தொரிகாவைச் சுட்டது. மறுநாளே சகியாசியிடம் போய், திருத்தம் ஒலிபரப்ப வேண்டும் என்றாள். அவர் மறுக்கவில்லை, தவறைத் திருத்துவது வானொலியின் தலையாய கடமை என்றுகூடச் சொன்னார்.

"தண்ணி வரலைங்கிறதுதானே திருத்தம்? தாராளமா போடலாம். அதுக்கு ஒலி எங்க?"

அவளுக்கு வகுப்பில் முதலிடம் கிடைத்தது. கூடவே வாரியத்திலிருந்து ஒரு பாராட்டும் வந்தது. வுனிசாலு மேட்டுப் புகார்களை ஒரே ஒலிபரப்பில் அடியோடு ஒழித்த சேவையைக் கருதி, இலைசாவுக்குக் கீழே உதவி ஊடகத் தொடர்பு அலுவலராக அவளை நியமிப்பதில் வாரியம் பெருமிதம் கொண்டது. உள்ளே போய்விட்டால் உள்ளிருந்தே தண்ணீரை வரவழைத்துவிடலாம் என்று தொரிகா நினைத்தாள். வேலைக்குப் போனாள். அம்மாவின் இடுப்புக்கு மருந்து வாங்கிக் கொடுத்தாள்.

காலையில் செய்திக்கு முன்னால் தண்ணீர்ச் சத்தம் ஒலிபரப்ப வாரியம் உத்தரவிட்டது. கொஞ்ச காலத்தில் அந்தச் சத்தம் பழசாகிவிட்டது என்றும், தண்ணீர் முன்போல அழுத்தமாக இல்லை என்றும் நேயர்கள் குறைப்பட்டார்கள். அதனால் புதிதாகப் பதிவு செய்ய ஒரு லாரித் தண்ணீர் ஒதுக்கப்பட்டது. நிஜமான இடத்தில் பதிவு செய்தால்தான் நம்பகத்தன்மை வரும் என்று தொரிகாவே குறிப்பு எழுதி, லாரியை வுனிசாலு மேட்டுக்கு வரவழைத்தாள்.

லாரியைப் பார்த்ததும் மேடே திரண்டது. வாளி, டப்பா, குடம், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என்று வரிசை நின்றது. மெரேசேனி முதல் ஆளாக நின்றாள்.

"இது ஒலிப்பதிவுத் தலைப்புல ஒதுக்கினதும்மா," என்றாள் தொரிகா. "குடிநீர்த் தலைப்புல நிதி இல்லை. பிடிச்சா தணிக்கையில என் வேலை போயிடும். பதிவு முடிஞ்சதும் மீதி இருந்தா நான் கேட்டுப் பாக்குறேன்."

"ஒரு டப்பாவாவது?"

"டப்பால விழுந்தா தகரச் சத்தம் வரும்மா."

மெரேசேனி தலையாட்டினாள். மகள் படித்த படிப்பு அது, அவளுக்குத் தெரியாதா. தொரிகா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினாள். லாரிக்காரர் திறந்துவிட்டார். தண்ணீர் கனமாக, தெளிவாக, கல்லிலும் புல்லிலும் கொட்டி ஓடைப் பக்கமாக ஓடியது. யாருடைய வாளியோ லேசாக உரசியது. தொரிகா திரும்பிப் பார்த்தாள். அது அம்மாவின் வாளி.

"அம்மா, கொஞ்சம் அசையாம நில்லுங்க."

மெரேசேனி காலி வாளியை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து எல்லோரும் அப்படியே அணைத்துக்கொண்டார்கள். லாரி காலியாகும் வரை ஒரு சின்னச் சத்தம் எழவில்லை. தொரிகா கையைக் கீழே இறக்கியதும், சிரட்டை குடித்து முடித்தவருக்குத் தட்டுவதுபோல மேடே சேர்ந்து மூன்று தடவை கைதட்டியது.

"நல்லா வந்திருக்காடி?" என்றாள் மெரேசேனி.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. நாளைக்குக் காலையில கேளுங்க."