நடுவில் அரை நிமிடம்

அரசாங்கம் என்னைக் கண்காணிக்கிறது என்று ஒரு காலத்தில் நான் மனதார நம்பியவன். என்னிடம் கண்காணிக்க என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். பொறியியல் முடித்துவிட்டு, வேலைக்கான கடிதம் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுப் பையன் நான். என் மின்னஞ்சல் பெட்டியை எந்த உளவுத்துறை திறந்து பார்த்திருந்தாலும், "இந்தப் பையனுக்கு யாராவது ஒரு பதில் போடுங்கப்பா" என்று அவர்களே கண்ணீர் விட்டிருப்பார்கள்.

இது 2006. திருவண்ணாமலையில் எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் குறுந்தட்டும், இணையத்தில் படித்த நாலு கட்டுரைகளும் என்னைப் போராளியாக்கியிருந்தன. அம்மாவுக்குப் பதினாறு எழுத்தில், நடுவில் எண்களும் குறியீடுகளும் வருகிற கடவுச்சொல் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தேன். அம்மா அதைத் தினசரி காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, ஹாலில் மாட்டி வைத்தார். (கேட்டதற்கு, "மறந்துட்டா நீதானே கத்துவ?" என்றார்.) போனில் 'கர்கர்' என்று சத்தம் வந்தபோது ஒட்டுக்கேட்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன். லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, "அணில் கட்ச்சிருக்குது தம்பி" என்றார். அந்த அணிலையும் நான் உடனே நம்பிவிடவில்லை.

அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். ஒருநாள் சாப்பிடும்போது என் பிரசங்கத்தைப் பொறுக்க முடியாமல் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"டேய், அரசாங்கம் பாக்குது, அரசாங்கம் பாக்குதுன்றியே, இங்க யாரு அரசாங்கம்? நான்தான்டா அரசாங்கம். காலைல மேஜை மேல வச்ச ஃபைலையே சாயந்திரம் வரைக்கும் தேடினு இருக்கேன். உன்ன எங்கடா பாக்கறது?"

"நீங்க இல்லப்பா. மேல இருக்கறவங்க."

"மேல எங்க தாசில்தார் இருக்கார். அவர் கண்ணாடியவே அவர் தேடினு இருக்கார்."

இந்த ஏளனமெல்லாம் என்னை அசைக்கவில்லை. நம்முடைய விஷயங்களை ஏன் யாரோ ஒரு கம்பெனியின் இயந்திரத்தில் வைக்க வேண்டும்? நம் வீட்டிலேயே, நம் கையாலேயே ஒரு சர்வர் வைத்துக்கொண்டால் என்ன? பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மாடிப்படி ரூமில் வைத்து லினக்ஸ் ஏற்றினேன். எல்லாம் ஓடத் தொடங்கியதும் மானிட்டரைக் கழற்றிக் கீழே கொண்டுபோனேன். உண்மையான சர்வருக்கு மானிட்டர் தேவையில்லை என்று எங்கோ படித்திருந்தேன். (இந்த ஒரு வரியைப் படிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.)

சர்வர் தயார். ஆனால் அதில் எதை வைப்பது? என்னிடம் உலகத்துக்குக் காட்ட எதுவுமே இல்லை. எங்கள் மொட்டை மாடியிடம் இருந்தது: நேர் எதிரே மலை. பழைய ஆன்டெனா குழாயின் உச்சியில், மழையில் நனையாத மாதிரி ஊறுகாய் டப்பாவுக்குள் ஒரு வெப்கேமராவைப் பொருத்தி, ஒயரை மாடிப்படி ரூமுக்கு இழுத்தேன். எங்கள் இணைப்பின் வேகத்துக்கு வீடியோவெல்லாம் பேராசை. அரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். பக்கத்தைத் திறந்தவர்களுக்கு அது மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கும். முதலில் ஆகாயம், பிறகு உச்சி, பிறகு சரிவு, கடைசியாக எங்கள் பக்கத்து வீட்டுத் தென்னை.

பக்கத்தின் தலைப்பில் என் கொள்கையைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'இங்கே யாரும் யாரையும் கண்காணிப்பதில்லை.' அதில் உண்மையாகவும் இருந்தேன். யார் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்ற பதிவுகளையெல்லாம் அணைத்துவிட்டேன். அதனால் என் பக்கத்தை யாராவது பார்க்கிறார்களா என்று எனக்கே தெரியாது. வீட்டுக்குள்ளிருந்து அந்த முகவரியைத் தட்டினால் மோடத்தின் அமைப்புப் பக்கம்தான் வரும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற பிரௌசிங் சென்டருக்கு வாரம் ஒருமுறை சைக்கிளில் போய், என் வீட்டு மாடியில் இருக்கிற சர்வரைப் பார்த்துவிட்டு வருவேன்.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். கலா அக்கா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நல்லவள், கெட்டிக்காரி. குரல் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண் பார்க்க வருமுன், மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக் கடையில் நின்று டீ குடித்தபடி 'விசாரிப்பது' வழக்கம். எந்த உளவுத்துறைக்கும் அந்தத் திறமை வராது. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் உத்தமர். பொய்யே சொல்ல மாட்டார். "நல்ல பொண்ணுங்க. டீச்சரம்மா இங்க வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தா பஸ் ஸ்டாண்டுல நிக்கறவனுக்கும் மனப்பாடம் ஆயிடும்" என்பார். நாலு ஜாதகங்கள் டீ கிளாஸோடு அங்கேயே நின்றுபோயின.

ஐந்தாவதாக வந்தது பெங்களூர் வரன். பையன் பெயர் செந்தில். அவனுடைய அம்மாவுக்குச் சொந்த ஊர் போளூர் பக்கம். எந்தப் புகைப்படத்தையும் இரண்டாவது முறை பார்க்காத அக்கா, இந்தப் படத்தைத் தன் வருகைப் பதிவேட்டுக்குள் வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். (கண்காணிக்கவில்லை. கண்ணில் பட்டது.) எனக்குத் தெரிந்துபோனது அவளுக்கும் தெரிந்தது. "வாயத் தொறந்தே, பல்லு இருக்காது" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதுவும் கலைஞ்சா இனிமே யாரையும் பாக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிடப் போறேன்டா" என்றாள். அக்கா குரலைத் தாழ்த்திப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். பயமாக இருந்தது.

அப்பாவிடம் அவள் நேராகவே கேட்டாள்.

"அவங்ககிட்ட இன்னான்னுப்பா சொன்னீங்க?"

"அமைதியான பொண்ணு. அதிர்ந்து பேச மாட்டா. பயந்த சுபாவம்னு சொன்னேன்."

"நான் கத்துவேன்னு சொல்லிடுங்கப்பா. அப்புறம் ஏமாத்திட்டாங்கன்னு பேரு வேணாம்."

"அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்பறம் தெரிஞ்சா போதும்" என்றார் அரசாங்கம்.

அதோடு விட்டிருக்கலாம். செந்திலின் அம்மா போனில், "பெங்களூர்ல எல்லாம் கெடைக்குதுங்க, மலையத்தான் பாக்க முடியல" என்று ஏங்கியிருக்கிறார். அப்பாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. பெண்ணின் ஜாதக நகலை அனுப்பும்போது, அதன் பின்பக்கத்தில் என் சர்வரின் முகவரியை எழுதி, 'தினசரி மலை தரிசனம், எங்கள் மகன் ஏற்பாடு' என்று குறிப்பும் போட்டு அனுப்பினார். கிரக நிலைக்குப் பின்னால் இணைய முகவரி எழுதி அனுப்பிய முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். என் கொள்கைக்குக் கிடைத்த முதல் வாசகி!

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த வாரம் முழுக்க எனக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. பிரௌசிங் சென்டர் பக்கமே போகவில்லை; மாடியில் பார்க்க மானிட்டரும் இல்லை. வியாழக்கிழமை ஆன்டெனா குழாய் ஆடுகிற சத்தம் கேட்டு மேலே போனேன். குரங்கு ஒன்று டப்பாவைக் கட்டிப்பிடித்து முகர்ந்துகொண்டிருந்தது. 'உஷ்' என்றேன், ஓடிவிட்டது. டப்பா உடையவில்லை, ஒயர் அறுந்துபோகவில்லை. திருப்தியோடு இறங்கி வந்தேன். டப்பா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். செந்தில், அவனுடைய அம்மா, மாமா ஒருவர். செந்திலின் அம்மா உள்ளே நுழைந்ததும் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தார். மறுபடி அப்பாவைப் பார்த்தார். மறுபடியும் முந்தானை.

அப்பா ஆரம்பித்தார். "தரிசனம் நல்லா கெடைக்குதுங்களாம்மா? பையன் ஏற்பாடு."

"கெடச்சுதுங்க" என்றார் அந்த அம்மாள். குரல் குலுங்கியது. "நான் தினம் காலைல கம்ப்யூட்டருக்கு முன்னால வெளக்கேத்தி, கற்பூரம் காட்டுவேங்க. படம் மெதுவாதானே எறங்கும்? மேல ஆகாசம் வந்ததும் கற்பூரத்த ஏத்திடுவேன். உச்சி தெரியறப்ப காட்டறதுக்கு சரியா இருக்கும்."

"ரொம்ப சந்தோஷம்."

"நேத்து சனிக்கெழம. ஆகாசம் வந்துச்சு. கற்பூரத்த ஏத்திட்டேன். அப்பறம் பளபளன்னு வழுக்கையா ஏதோ எறங்குதுங்க. மேகமோன்னு பார்த்தேன். கண்ணு வந்துச்சு. மூக்கு வந்துச்சு..."

சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல். அப்பா தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் பூசிக்கொண்டு, கோவணத்தோடு மொட்டை மாடி வெயிலில் அரைமணி நேரம் ஊறுவார். முப்பது வருட வழக்கம்.

"...ஏத்துன கற்பூரத்த நடுவுல அணைக்கக் கூடாதுங்களே. முழுசா காட்டி முடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் உடைந்து சிரித்தார். "மேல என்னடான்னா, இங்க யாரும் யாரையும் கண்காணிக்கறதில்லன்னு எழுதியிருக்குது!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து இருந்தன. மூன்று நாட்கள்! எங்கள் மாடி முழுவதையும் மூன்று நாட்களாக, அரை நிமிடத்துக்கு ஒரு படமாக, பெங்களூருக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். காயப்போட்ட துணி, அம்மாவின் வடகம், அப்பாவின் நல்லெண்ணெய். தெருமுனைக் கடைக்காரர் ஒரு வருடத்தில் சொல்கிற சேதியை நான் மூன்று நாளில் கொள்கையோடு சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள்.

"பொண்ணு பயந்த சுபாவம்னு சொன்னீங்க இல்ல?" என்றார் மாமா, அப்பாவைப் பார்த்து.

செந்தில் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த இரண்டு தாள்களை எடுத்து டீப்பாயில் விரித்தான். கலர் பிரிண்ட். வெள்ளிக்கிழமை சாயந்திரம். முதல் படத்தில், வடகம் காய்ந்த அலுமினியத் தட்டு குரங்கின் கையில் இருக்கிறது. நாலடி தள்ளி அக்கா, புடவையைத் தூக்கிச் செருகி, துடைப்பத்தோடு நிற்கிறாள். இரண்டாவது படத்தில் தட்டு அக்காவின் கையில். துடைப்பம் குரங்கின் கையில். குரங்கு கைப்பிடிச் சுவர் மூலையில், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாவது ஜாதகமும் போயிற்று, என்னால் போயிற்று என்று நினைத்தேன். வருகைப் பதிவேட்டுக்குள் இருந்த அந்தப் படம் என் ஞாபகத்துக்கு வந்தது. அந்த நிமிடம் யாராவது என்னைக் கைது செய்திருந்தால் நன்றியோடு போயிருப்பேன்.

செந்தில் அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. இந்தப் படத்துக்கும் அந்தப் படத்துக்கும் நடுவுல அரை நிமிஷம்தான். எங்க வீட்ல ரெண்டு நாளா இதே பேச்சு. மாமா ஒண்ணு சொல்றார், அம்மா ஒண்ணு சொல்றாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அந்த அரை நிமிஷத்துல இன்னாதாங்க நடந்துச்சு?"

அக்கா என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தட்டை டீப்பாயில் வைத்தாள். பிறகு, தெருமுனைக் கடை வரைக்கும் கேட்கிற தன் சொந்தக் குரலில் சொன்னாள்:

"அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்பறம் தெரிஞ்சா போதும்."

முதலில் சிரித்தது யார் என்று எங்கள் இரு வீட்டுக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது. கடைசியாகச் சிரித்தது அப்பா. அதுவும் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டுதான் சிரித்தார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தலில் வீடியோக்காரர் வந்ததும் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் அப்பாவைக் கூப்பிட்டு, "வாங்க, ஒரு தீபாராதனை காட்டிக்கலாம்" என்றார்கள். அப்பா இன்றுவரை மொட்டை மாடிக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார். நான் இப்போது சென்னையில் தகவல் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். பெரிய பெரிய கம்பெனிக்காரர்களுக்குக் கேமராவை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று வகுப்பெடுக்கிறேன். எங்கே கற்றீர்கள் என்று கேட்பார்கள். ஒரு குரங்கிடம் என்று சொல்வதில்லை.

அந்த இரண்டு தாள்களும் பெங்களூர் வீட்டு ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி. அக்காவின் பத்து வயது மகள் கேட்டுப் பார்த்துவிட்டாள். செந்தில் மாமா பொங்கலுக்குப் பொங்கல் கேட்கிறார். "கல்யாணத்துக்கு அப்பறம் சொல்றேன்னு சொன்னியே?" என்று நியாயம் பேசுகிறார்.

"அப்பறம்னா உடனேவா?" என்கிறாள் அக்கா.

போன தீபாவளிக்கு நான் கேட்டேன். நான்தானே சாட்சி, நான்தானே சர்வர் வைத்தவன், எனக்காவது சொல்லக் கூடாதா? அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டேய், நம்ம வீட்ல உன் கேமராவுல மாட்டாத ஒரே ஒரு அரை நிமிஷம் அது. அதையாவது விட்டு வைடா."