சுரைக்கொடிக்கு ரெண்டாவது கோட்டிங்

எர்ணாவூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மெஹ்னாஸுக்கு அத்தா சௌக்கத் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மா சபீஹாவும் நலம். மொட்டைமாடிச் சுரைக்கொடி மட்டும் நலமில்லை. அதாவது ரொம்பவே நலமாக இருக்கிறது, அதுதான் தொல்லை.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். கப்பலில் துரு தட்டியே மந்தமான காது எனக்கு, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டால் உன் அம்மாவுக்கும் கேட்கும். இது அவளுக்குத் தெரியக்கூடாத சங்கதி.

நீ நிக்காஹ் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, பயிர் ஹார்மோன் ஆராய்ச்சிக்கென்று கோயம்புத்தூர் போனதிலிருந்து அவள் உன்னோடு பேசுவதில்லை. "புல்லு பூண்டுக்கு இன்னாத்துக்கு டாக்டர் படிப்பு?" என்பதோடு சரி. அந்தப் படிப்பாலேயே ஒரு சுரைக்காய் காய்த்து, அவள் கையால் தால்ச்சாவில் விழுந்தால் மனசு இளகும் என்று நினைத்தேன். நீ எப்போதோ சொன்ன மருந்துகளில் ஜிப்ரலின் என்ற பெயர்தான் ஞாபகத்தில் நின்றது. மாதவரத்தில் வாங்கினேன். சொட்டுக் கணக்கில் ஒரு தடவை அடித்தால் போதும் என்றார் கடைக்காரர். ஆயுசு பூரா கப்பலுக்குப் பெயிண்ட் அடிச்சவன்மா நான், உப்புக் காத்துல ஒரு கோட்டிங் எங்கயாவது நிக்குமா? மணலி ஆலைப் புகை வேற. ரெண்டாவது கோட்டிங் குடுத்தேன், விட்டுப்போன எடத்துல டச்சப்பும் பண்ணேன். கொடி தண்ணித் தொட்டியைச் சுத்தி, கேபிள் ஒயரைப் புடிச்சு, பக்கத்து வூட்டு கெங்கம்மா மாடிக்கே போயிடுச்சு. பூ கொட்டிக் கெடக்குது, ஆனா எல்லாம் ஆம்பளைப் பூ! ஒண்ணுத்துக்கும் அடியில பிஞ்சு இல்ல. "இன்னா பாய், மாப்ள வூட்டாரு மட்டும் வந்துகீறாங்க, பொண்ணு எங்க?"ன்னு கெங்கம்மா தெருவுக்கே கேக்கறாப்புல கத்துது.

உன் அம்மா நேத்து மாடிக்கு வந்தா. "உங்க பொண்ணு மாரியே நீளமா போவுது, வூட்டுப் பக்கம் திரும்ப மாட்டேங்குது"ன்னா. சொல்லிட்டு, கெங்கம்மா மாடியிலேர்ந்து கொடி நுனியை ஒடியாம எடுத்தாந்து நம்ம பந்தல்ல கட்டினா. கட்டும்போது முந்தானையால கண்ணைத் துடைச்சா. எனக்குக் காதுதான் மந்தம், கண்ணு நல்லாவே தெரியுது. நீ இல்லாம எங்க ரெண்டு பேருக்கும் சோறு எறங்கலம்மா.

ரெண்டு வாரத்துக்கு முன்பே கடைக்காரரிடம் போய் நின்றேன், அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஜிப்ரலின் கொடியை நீட்டும், ஆண் பூவைக் கூட்டுமாம். பெண் பூவுக்கு எத்ரலாம், அதையும் ரெண்டு இலை, நாலு இலைப் பருவத்திலேயே அடிக்கணுமாம். இனிமேல் எனக்கு எதையும் விற்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். புது விதை ஊன்றி, ரெண்டு இலையும் வந்தாச்சு. எத்ரல் கொஞ்சம், அளவும் எழுதி, டீக்கடை யாசின் பேருக்குக் கூரியரில் அனுப்பு. நீ வரவேண்டாம், வந்து அவள் முகம் கொடுக்காவிட்டால் நீ தாங்கமாட்டாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் படிப்பிலும் ஆயுசிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

என்றும் துஆ செய்யும்
அத்தா

பின்குறிப்பு: நான் பசை தேடிப் போய்வருவதற்குள் உன் அம்மா இதை முழுசாகப் படித்துவிட்டாள். கூரியர் எல்லாம் வேண்டாமாம். மருந்தை உன் கையாலேயே கொண்டுவரச் சொல்கிறாள், நாலாவது இலை விடுவதற்குள்.