பாலாடையின் சாயச் சோதனை

இதைப் படிக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி, வணக்கம். தம் சொந்தக் காரில் உட்காரத் தாமே தகுதியற்றவர் என்று உளமார நம்பும் மனிதர் இத்தமிழ்நாட்டில் ஒருவரே உண்டு. அவர் கடலூர் முதுநகரில், எங்கள் வீட்டுக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். பெற்றோர் இட்ட பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் வழங்குகிறது. எங்களுக்கு அவர் பாலாடை.

பெயர்க்காரணம் எளிது. புதுச்சேரியில் ஒருவர் விற்ற பழைய கார் ஒன்றை அவர் வாங்கி வந்தார். உள்ளே பாலாடை நிறத்தில் தோல் இருக்கைகள். செம்மங்குப்பம் ரசாயன ஆலைகளுக்குப் போகும் லாரிகளின் டயர்களோடு முப்பதாண்டுகள் மல்லாடி, நகக்கண்ணெல்லாம் கரி ஏறிய மனிதர், அவ்விருக்கைகளைக் கண்ட கணத்தில் தம் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாராம். அன்று முதல் சலவை வேட்டி கட்டி, கைகளில் வெள்ளைக் காலுறை மாட்டிக்கொள்ளாமல் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

“கையுறை வாங்கினால் என்ன?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கடையில கருப்புலதான் இருக்கு மாமா. கருப்பு சாயம் வுடும்” என்றார்.

சாயம் என்னும் அச்சொல்லே அவர் வாழ்வை ஆண்டது. காரில் ஏற விரும்புவோர் முதலில் சோதனைக்கு உட்பட வேண்டும். வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை நனைத்துப் பிழிந்து, ஏறுபவரின் கால்சட்டையில் மூன்று முறை தேய்ப்பார். பெண்களாயின் தாமே புடவை ஓரத்தில் தேய்த்துக் காட்ட வேண்டும். பிறகு கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்து, வைத்தியர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்ப்பார். வெள்ளையாகவே இருந்தால் அனுமதி. நிறம் ஏறியிருந்தால் ஷேர் ஆட்டோ. திருவந்திபுரத்தில் நடந்த அவருடைய அக்காள் மகன் திருமணத்தில் மணப்பெண்ணின் அரக்குப் பட்டு இச்சோதனையில் தேறவில்லை. மணமக்கள் மினி வேனில் வந்தார்கள். அலங்கரித்த காரில் வெள்ளித் தாம்பாளம் மட்டும் தனியே வந்தது.

அதே திருவந்திபுரத்தில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குடும்பம் ஒன்றை ஏற்றியபோது, ஐந்து தலைகளுக்கும் பிளாஸ்டிக் பை கட்டினார்.

“ஏம்ப்பா, எங்க சந்தனமும் ஒன் சீட்டும் ஒரே கலருதான? ஒட்டுனா எவனுக்குத் தெரியப்போவுது?” என்றார் குடும்பத் தலைவர்.

“சீட்டுக்குத் தெரியும்” என்றார் பாலாடை.

ஞாயிறுதோறும் இருக்கைகளுக்கு நீராட்டு. குழந்தைச் சோப்பைக் கரைத்து, நுரையை மட்டும் பழைய பனியன் துணியில் அள்ளித் துடைப்பார். ஒரு சொட்டு நீர் தையலுக்குள் இறங்கக்கூடாது. உடனே உலர்துணி, பிறகு நிழல், அதன் பிறகே தோலுக்குரிய களிம்பு. தேங்காய் எண்ணெய் தேய்த்தால் தோல் மினுமினுக்கும் என்று முடிதிருத்தும் நண்பர் ஒருமுறை கூறினார். தேய்த்தார், மினுமினுத்தது. மறுநாள் அதன்மீது எறும்புகளும் வரிசையாக மினுமினுத்தன. அந்நட்பு அத்துடன் முறிந்தது.

வெயில் பட்டால் தோல் வெடிக்கும் என்பதால், சாவு வீடாயினும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்துபோய்க் காரை நிழலோடு நகர்த்துவார். நாளடைவில் ஊரே அதைக் கொண்டு காலம் கணிக்கத் தொடங்கியது. “பாலாடை காரு புளியமரத்தாண்ட போயிடுச்சா? அப்ப மணி மூணு. எடுங்கப்பா, எடுங்க!” என்று குரல் எழும், பாடை கிளம்பும்.

இனி நான் சொல்ல வந்த செய்தி. சென்ற ஆடியில் என் பேத்தி மலருக்குச் சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் வேளாண்மைப் படிப்புக்கு இடம் விழுந்தது. காத்திருப்போர் பட்டியலில் இருந்த பெண் அவள். பகல் பன்னிரண்டு மணிக்குள் சான்றிதழ்களோடு நேரில் நிற்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்தவர் எவருமிலர். நான் கற்றதெல்லாம் மளிகை மடித்து வந்த தாள்களில்.

அன்று பார்த்து அடைமழை. பாலத்தருகே லாரி ஒன்று கவிழ்ந்து, பேருந்துகள் நின்றுவிட்டன. சிறு வண்டிகள் மட்டும் சந்துவழியே போயின. மலரும், அவள் தாய் கோமதியும், நானும் நிறுத்தத்தில் நனைந்து நின்று, கடைசியில் பாலாடையின் கடையில் ஏறினோம். மலர் உடுத்தியிருந்தது புத்தம்புதிய கருநீலச் சுடிதார். அதிலிருந்து தரையில் சொட்டிய நீரே நீலமாக இருந்தது.

பாலாடை முறைப்படி கைக்குட்டையை நீட்டினார். மலர் ஒருமுறைதான் தேய்த்தாள். வெள்ளைத் துணி மைக்கூட்டில் விழுந்ததுபோல் ஆயிற்று. அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆயிற்று. கோமதியின் முகத்தில் மஞ்சளும், என் முழங்காலில் தைலமும் இருப்பதை வேறு கண்டுகொண்டார்.

கடிகாரம் பத்தே கால் காட்டியது.

“மாமா, நா சீட்டுல ஒக்காரல. நின்னுக்கினே வரேன்” என்றாள் மலர், அழுகையை அடக்கிக்கொண்டு.

“காருல எப்பிடிம்மா நிப்ப?” என்றார் பாலாடை. இருக்கையை ஒருமுறை பார்த்தார். சட்டென்று இடுப்பிலிருந்த சலவை வேட்டியை அவிழ்த்து, நான்காய் மடித்துப் பின்னிருக்கையில் விரித்தார்.

“ஏறு. சாஞ்சிக்காத. மாமா, நீயும் கோமதியும் வூட்டுக்குப் போங்க. ஒரு சாயந்தான் என்னால தாங்க முடியும்.”

காக்கி அரைக்கால்சட்டையும் கைகளில் காலுறையுமாகச் சிதம்பரம் நோக்கிப் பறந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு என் கைப்பேசி ஒலித்தது.

“மாமா! போச்சு மாமா! சீட்டு போச்சு!” பாலாடையின் குரல். அவ்வளவில் இணைப்பு அறுந்தது.

கோமதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெரு திரண்டது. “வுடு கோமதி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார்கள். நான் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழையில் மின்கம்பத்தைத் தொடக்கூடாது என்பதும் தோன்றவில்லை.

அரைமணி கழித்து மலரே அழைத்தாள். “தாத்தா, சீட்டு கெடச்சிடுச்சி!”

“போச்சு என்றாரே அவர்?”

“ஐய தாத்தா, அது அவுரு சீட்டு! வேட்டியத் தாண்டி எறங்கிடுச்சி. இது எஞ் சீட்டு!”

“அவர் எங்கேயம்மா?”

“கேட்டுக்கு வெளிய. டவுசரோட உள்ள வுடமாட்டேன்னு வாட்ச்மேன் சொல்லிட்டாரு. அங்கியே நின்னு, கெடச்சிதான்னு வர்றவங்க போறவங்கள எல்லாம் கேட்டுக்கினு இருக்காரு.”

ஞாயிறு நீராட்டு இன்றும் தவறாமல் நடக்கிறது. பின்னிருக்கையில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலத் திட்டு. “எல்லாம் போட்டுப் பாத்துட்டேன் மாமா, அது போவாது” என்கிறார். நான் எதிர் வீட்டிலிருந்து வாரந்தோறும் கவனித்து வருகிறேன். நுரைத்துணி அத்திட்டின் விளிம்பு வரை வருகிறது. பிறகு மெல்லச் சுற்றிக்கொண்டு அப்பால் போய்விடுகிறது. ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

ஐயா, அம்மணி, இப்படியும் ஒருவர் உண்டு என்பதற்குச் சான்றாக இக்குறிப்பைத் தூர எறியாமல் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.