இரண்டு இடது கைகள் வைத்த சட்டை

சட்டையின் இரண்டு கைகளுமே இடது கைகள் என்பது போட்டுப் பார்த்த பிறகுதான் ஸ்டோர்கீப்பருக்குத் தெரிந்தது. இடது கை சமர்த்தாக உள்ளே போய்விட்டது. வலது கையும் போகத்தான் போனது, ஆனால் போன கை முன்னால் வர மறுத்தது. தோளில் துணி முறுக்கிக்கொண்டு முழங்கையைப் பின்பக்கமாக இழுத்தது. யாருக்கும் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் எதையோ வாங்குகிறவர் மாதிரி கண்ணாடி முன்னால் நின்றார்.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் மனைவி, குண்டூசியைப் பல்லில் கடித்தபடி.

"பிரமாதம்."

"நிஜமாவே பிடிச்சிருக்கா?"

"பின்னே? உன் கை பட்டதாச்சே."

அவள் முகம் வாடினாற்போல் இருந்தது. இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகப் புகழ்ந்திருக்கலாமோ என்று ஸ்டோர்கீப்பர் தன்னையே நொந்துகொண்டார்.

கல்யாணமான புதிதில் அவள் தைத்துக் கொடுத்த முதல் சட்டை உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு தெரு முழுக்க ஒரு சுற்று சுற்றி, பார்த்தவர்களிடமெல்லாம் "வீட்டுத் தையல், இனிமே கடைப் பக்கமே போறதில்ல" என்று பீற்றிக்கொண்டார். அன்று முதல் அவர் உடம்பில் கடைச் சட்டை ஏறியதில்லை. ஆனால் கொஞ்ச காலமாக வருவதெல்லாம் ஒரு தினுசாக வருகிறது. போன சட்டையில் பாக்கெட் தொப்புளுக்கு நேராக இருந்தது. மூடி கழன்ற பேனா எங்கே மை கக்கித் தொலைக்குமோ என்று வயிற்றை எக்கிக்கொண்டே நடந்தார். அதற்கும் பிரமாதம் என்றுதான் சொன்னார்.

தப்பு அவளுடையது இல்லை, பத்திரிகைக்காரனுடையது என்பது அவர் தீர்மானம். அவள் மாதாமாதம் வாங்கும் தையல் பத்திரிகையின் நடுவில் ஒரு பெரிய தாளை மடித்து வைத்திருப்பார்கள். சட்டை, கவுன், கோட்டு, குழந்தைகளின் மழைக்கோட்டு எல்லாவற்றுக்குமான வெட்டுக்கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அச்சடித்த தாள் அது. எந்தக் கோடு எதற்கு என்று பார்த்துப் பிரதி எடுத்து வெட்ட வேண்டும். ஸ்டோர்கீப்பர் ஒருமுறை அதைப் பிரித்துப் பார்த்துத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். மகளுக்கும் தனக்கும் அவள் தைத்துக்கொள்வதெல்லாம் கச்சிதமாக இருக்க, ஆண்கள் சட்டை மட்டும் கோணிக்கொண்டால் வேறு யாரைச் சொல்வது? ஆசிரியருக்குக் காரசாரமாக எழுதிப் போடலாமா என்றுகூட அவர் யோசித்ததுண்டு.

இத்தனை நாள் எப்படியோ ஓட்டிவிட்டார். இந்தச் சட்டைதான் கழுத்தைப் பிடித்தது. பம்பு செய்யும் தொழிற்சாலையில் அவரை ஸ்டோர்ஸ் மேனேஜர் ஆக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை விழா வைத்து எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துப் படம் எடுப்பார்கள். அதற்குப் போட்டுக்கொள்ளத்தான் இந்தச் சட்டை. மேனேஜர்களின் படங்கள் மாடிப்படிச் சுவரில் வரிசையாகத் தொங்கும். ஓய்வு பெறும்வரை இறக்க மாட்டார்கள். அந்தப் படிகளில் ஏறும்போதெல்லாம் தன் படத்துக்கு இடம் பார்த்து வைத்தவர் அவர். அந்த இடத்தில் கை முறுக்கிக்கொண்டு காலமெல்லாம் தொங்குவதை நினைத்தால் அவருக்கு அழுகையே வந்தது. அதைவிட, சட்டை நன்றாக இல்லை என்று சொல்லி அவளை அழ வைப்பதை நினைத்தால் இன்னும் அதிகமாக வந்தது.

நேரடியாகச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று மறுநாள் துணிந்தார்.

"காலர் மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

மனைவி தையல் மிஷினிலிருந்து படக்கென்று திரும்பினாள். "பிடிக்கலையா? சும்மா சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவள் கண்கள் பளபளத்தன. கண்ணீர் முட்டுகிறது என்று ஸ்டோர்கீப்பர் பதறிப்போனார்.

"பிடிக்கலைன்னு யாரு சொன்னா? இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்தா இன்னும் எடுப்பா இருக்குமேன்னு சொல்ல வந்தேன்."

அவள் ஒரு பெருமூச்சு விட்டுக் காலரைப் பிரித்தாள். சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது சட்டையில் வேறு காலர் ஏறியிருந்தது. அதே தாளில் பெண்கள் குளிர்கோட்டுக்கென்று போட்டிருந்த காலர். இரண்டு பக்கமும் தோளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பேச்சை எடுத்த வாயைத் தைத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இனி வாயால் ஆகாது, கையால்தான் ஆகும் என்று அடுத்த முயற்சியில் இறங்கினார். இன்னொரு தடவை அளவு பார்க்கிற சாக்கில் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் தேநீரை நெஞ்சில் கவிழ்த்தார். சூடு தாங்காமல் துள்ளினார், ஆனாலும் மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"அடடா, வீணாப் போச்சே. இதை எப்படிப் போடறது?" என்றார், முடிந்தவரை சோகமாக.

"கறைதானே? இந்த மாசப் புத்தகத்துலயே வழி சொல்லியிருக்கான்," என்றாள் அவள்.

கறை பட்ட இடத்தில் பூ வடிவத்தில் துணி வெட்டி வைத்துத் தைப்பதுதான் அந்த வழி. பெரிய கறைக்குச் சூரியகாந்தி ஒன்று. சிதறிய துளிகளுக்குச் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். கறையே படாத முதுகிலும் ஒரு பூ இருந்தது. தனியாகத் தெரியக் கூடாது என்று பொருத்தத்துக்காக வைத்ததாகச் சொன்னாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டபோது அவள் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"தோட்டமே வந்துட்ட மாதிரி இருக்கு."

"எல்லாருக்கும் முன்னாடி இதையா போட்டுக்கப் போறீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடையில ரெடிமேடா ஒண்ணு வேணா எடுத்துக்கலாம்."

கதவை அகலத் திறந்து வைத்து வா வா என்று கூப்பிட்டது மாதிரிதான். ஆனால் இப்படிப்பட்ட கேள்விகள் பரீட்சைக் கேள்விகள் என்று ஸ்டோர்கீப்பர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். நாக்கு அதுபாட்டுக்கு வேலையைக் காட்டியது.

"கடைச் சட்டையா? இவ்வளவு பாடுபட்டு நீ தைச்சது இருக்கறப்போ அதை நான் கையால தொடுவேனா?"

அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஸ்டோர்கீப்பர் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார்.

மிச்சமிருந்தது சலவைக் கடை. சட்டையைப் பொட்டலமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு போய், சலவைக்காரரின் காதோடு சொன்னார்.

"இது தொலைஞ்சுபோனாக்கூட நான் ஒண்ணும் கேக்க மாட்டேங்க."

"எங்க கடையில அப்படியெல்லாம் ஆகாது சார். நீங்க நிம்மதியாப் போங்க."

"இல்லைங்க, தொலைஞ்சா நல்லதுதான்னு சொல்றேன்."

"சார் எப்பவும் தமாஷ்தான்," என்று சிரித்துக்கொண்டே சலவைக்காரர் பொட்டலத்தை வாங்கி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டோர்கீப்பர் சலவைக்குப் போன சட்டை வரவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டு, பீரோவின் அடியிலிருந்து ஒரு பழைய வெள்ளைச் சட்டையை உருவிக்கொண்டிருந்தார். "பரவாயில்லைங்க, இதுவே போதும்," என்று மனைவியும் உற்சாகமாக அதற்கு இஸ்திரி போட வந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது.

"சீட்டு எங்கேயோ விழுந்துடுச்சு சார்," என்றார் சலவைக்காரர், மூச்சு வாங்க. "ஆனா இது யாருதுன்னு யாரைக் கேக்கணும்? சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும். இன்னிக்கு உங்களுக்கு விழான்னு தெருவுக்கே தெரியுமே. அதான் ஓடி வந்தேன்."

கஞ்சி போட்டிருந்தார். காலரின் இரண்டு முனைகளும் விறைப்பாக நின்றன. மனைவி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

விழாவில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. டைப்பிஸ்ட் அம்மாள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனவர், வெகுநேரம் திரும்பி வரவில்லை. முதலாளி கைகுலுக்க வந்தார். ஸ்டோர்கீப்பரின் வலது கை பின்னால் போனது. முதலாளி சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கமாக நின்று குலுக்கினார். முதுகிலிருந்த பூவையும் அப்போது பார்த்துவிட்டார்.

"சார், கையை முன்னாடி கொண்டு வாங்க," என்றார் படம் எடுப்பவர்.

"இதுதாங்க முன்னாடி."

"சரி, அப்படியே இருங்க," என்று சொல்லிவிட்டு அவர் படத்தை எடுத்து முடித்தார்.

மாடிப்படிச் சுவருக்கு விதி எழுதியாகிவிட்டது. ஸ்டோர்கீப்பர் பேருந்தில் வீட்டுக்கு வரும்போது மனசு கல்லாகிக் கிடந்தது. பக்கத்தில் காலி இடம் இருந்தும் யாரும் உட்காரவில்லை. ஆனால் தெருமுனை திரும்பியதும் முகத்தைத் துடைத்துச் சிரிப்பை ஒட்டிக்கொண்டார். போன மானம் போனதாக இருக்கட்டும், அவள் மனசாவது நிறையட்டும். அவருக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம்.

மனைவி வாசலிலேயே காத்திருந்தாள். "என்ன சொன்னாங்க? யாராவது சிரிச்சாங்களா?"

"சிரிக்கறதா? முதலாளி என்னைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. இதைத் தைச்ச கைக்குத் தங்கக் காப்பு போடணும்னு எல்லாரும் ஒரே பேச்சு." வாயைத் திறந்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. "இதே மாதிரி இன்னும் ரெண்டு தைச்சுக் குடு. இனிமே தினமும் ஆபீஸுக்கு இதுதான்."

மனைவி படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது.

"சந்தோஷம் தாங்கலை போல," என்றார் ஸ்டோர்கீப்பர், மேஜையருகில் படித்துக்கொண்டிருந்த மகளிடம்.

மகள் புத்தகத்தை மூடினாள்.

"ஏம்ப்பா, ஒரே ஒரு தடவை 'நல்லா இல்லை, இனிமே கடையிலயே வாங்கிக்கறேன்'னு சொல்லித் தொலைக்கக் கூடாதா? இதுக்கு மேல எப்படிக் கெடுத்துத் தைக்கறதுன்னு அம்மாவுக்கு நிஜமாவே தெரியலைப்பா."